காலி டிஸ்க்கில் அப்கிரேடு போடுவது எப்படி?

வாழ்த்துகள்! பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. நீங்களும் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்துவிட்டீர்கள். இப்போது புது டிஸ்க் வாங்கியாயிற்று. அதில் ஒன்றுமே இல்லை. பீரோவின் அடித்தட்டில் கையை விட்டதில், அட்டையில் 'அப்கிரேடு' என்று அச்சடித்த விண்டோஸ் 7 டிவிடி ஒன்றும் சிக்கிவிட்டது. காலி டிஸ்க், அப்கிரேடு டிவிடி, கொஞ்சம் தைரியம். வேறென்ன வேண்டும்?

போச்சம்பள்ளிக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கலாம். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதலாம். சிப்காட்டில் யாரோ ஒருவரின் ஆபீஸைக் கட்டி மேய்க்கலாம். யாராக இருந்தாலும், நான் சொல்லப்போவதில் பாதியை ஏற்கெனவே செய்து பழகியவர்தான் நீங்கள். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. நாள் குறியுங்கள்

மாதத்தில் வேறெந்த நாளும் ஆகாது. 19-ம் தேதி ராத்திரிதான் உகந்தது. மறுநாள் 20, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கெல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வரும். கை நடுங்கும்போதுதான் வேலை வேகமாக நடக்கும்.

டிடிபி கடைக்காரர்கள் வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். மண்டிக்காரர்களுக்கு பெங்களூரா மாங்காய் லோடு லோடாக இறங்கும் ஜூன் மாதம். பகலில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பேப்பரைத் திறந்து 'நாளை மின் நிறுத்தம்' பகுதியைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புப் பட்டியலில் உங்கள் துணைமின் நிலையம் இருந்தால், அதுவே உங்கள் நாள். காலை 9 மணிக்குக் கரண்ட் போகும், 8:40-க்கு ஆரம்பியுங்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அதன் பேட்டரி செத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

2. பேக்கப் எடுத்துவிட்டதாக நம்புங்கள்

பேக்கப் எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அது கரடுமுரடான முறை. எடுத்த மாதிரி இருக்க வேண்டும், எடுத்திருக்கவும் கூடாது. அதற்கு வழி இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் இருக்கும் எல்லாவற்றையும் மவுஸால் வளைத்துப் பிடித்து பென் டிரைவில் போடுங்கள். டேலி ஐகான் போகும். 'கல்யாணப் பத்திரிகை 2024' என்ற ஃபோல்டரின் ஐகான் போகும். மூலையில் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். பத்து வருஷக் கணக்கு இரண்டு நொடியில் காப்பி ஆகிவிட்டதே, மொத்தமே சில கேபிதானே என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். இந்தக் காலத்து பென் டிரைவ் எல்லாம் வேகம் என்று அதைத் தட்டி உட்கார வையுங்கள்.

உண்மையான டேலி டேட்டா எங்கே இருக்கிறது? பழைய பதிப்பு என்றால் பெரும்பாலும் சி டிரைவில் டேலி ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்ற ஃபோல்டரில். டேலி பிரைம் என்றால் 'யூசர்ஸ்' வழியாகப் 'பப்ளிக்' உள்ளே போய்த் தேட வேண்டும். அங்கே 10000, 10001 என்று எண்கள் பேராக வைத்த ஃபோல்டர்கள் இருக்கும். அவைதான் உங்கள் கம்பெனிகள். டேலி 1986 முதல் பெங்களூரில் இருக்கிற நிறுவனம், இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், அவர்களே பேக்கப் என்று ஒரு மெனுவும் வைத்திருக்கிறார்கள். அந்த மெனுவைத் தொடாமல் இத்தனை வருஷம் ஓட்டிய உங்கள் கட்டுப்பாட்டை இன்றைக்கு ஏன் குலைக்க வேண்டும்?

டிடிபி நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டது. நீங்கள் மாறவில்லை. பத்திரிகை, பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாமே பழைய எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. விட்டுவிட்டு வாருங்கள். நாளைக்குக் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் சதவீதக் குறியும் கலந்து நிற்கும். அந்த எழுத்துருவின் சிடி எங்கே என்று பெண் வீட்டாரை உட்கார வைத்துக்கொண்டே தேடலாம்.

3. டிஸ்க் வாங்கும் விதம்

இந்தப் படியை முடித்துவிட்டீர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனீர்கள், பில் வேண்டாம் என்றீர்கள், விலை குறைந்தது. வாரண்டி எங்கே என்று இப்போது கேட்பது நாகரிகம் இல்லை.

ஒன்று மட்டும் சரியாகச் செய்யுங்கள்: பழைய டிஸ்க் எத்தனை ஜிபியோ, புதியதும் அதே ஜிபி. இதன் அருமை ஆறாவது படியில் தெரியும். கேபினெட்டைத் திறந்து புது டிஸ்க்கை மாட்டும்போது பழையதின் ஒயரைக் கழற்ற வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உயிரோடு இருக்கட்டும்.

4. பென் டிரைவ் தயாரிப்பு

டிவிடி கீறலாகி இருக்கலாம், அல்லது டிவிடி டிரைவே திறக்காமல் போகலாம். எனவே பென் டிரைவ். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே விண்டோஸ் 10-க்கான மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருக்க, அதற்கு எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும் என்றிருக்க, நீங்கள் அங்கே போக மாட்டீர்கள். ஓசூரில் இன்ஜினியரிங் படிக்கும் மச்சான் பையனிடம் 'லைட்', 'கேமிங்', 'அல்டிமேட்' மூன்றும் ஒரே பெயரில் சேர்ந்த ஓஎஸ் ஒன்று இருக்கிறது. அதோடு ஆக்டிவேட்டர் ஒன்றும் தருவான். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க மாமா" என்பான். திருடன் வீட்டுக்காரரிடம் நாயைக் கட்டிப் போடச் சொன்னால் நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். மச்சான் பையன் சொன்னால் அது வேறு.

எந்த பென் டிரைவ்? தங்கை கல்யாண ஃபோட்டோ இருக்கிறதே, அது. தயாரிக்கும்போது 'இதில் உள்ளதெல்லாம் அழியும்' என்று ஒரு எச்சரிக்கை வரும். எல்லாக் கம்ப்யூட்டரும் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பயமுறுத்தும். ஓகே கொடுங்கள்.

கருவியெல்லாம் எதற்கு, கோப்புகளை நேரடியாக இழுத்துப் போட்டால் போதாதா என்பவர்கள் பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் அடித்துவிட்டு இழுத்துப் போடுங்கள். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸின் பெரிய கோப்பு பல சமயம் தாண்டும். 'கோப்பு மிகப் பெரியது' என்று நின்றால் 'ஸ்கிப்' என்ற பட்டன் இருக்கிறது. தாண்டிப் போனது ஓஎஸ் மட்டும்தான், மீதி எல்லாம் வந்துவிட்டது.

5. 'அப்கிரேடு' என்பதையே அழுத்துங்கள்

பூட் ஆனதும் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று அப்கிரேடு, இன்னொன்று 'கஸ்டம்'. இரண்டாவதின் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்று போட்டிருக்கும். அது நமக்கில்லை. கையில் இருப்பது அப்கிரேடு டிவிடி, வந்த காரியம் அப்கிரேடு, அதையே அழுத்துங்கள். இப்போது இருக்கும் விண்டோஸுக்குள் போய் அங்கிருந்து என்னை ஓட்டு என்று திருப்பி அனுப்பும். இருக்கும் விண்டோஸா? டிஸ்க்கே காலி! மறுபடி அழுத்துங்கள். புது ரேஷன் கார்டுக்குப் பழைய கார்டைக் கொண்டு வா, பழைய கார்டு தொலைந்ததால்தானே புதுசு கேட்கிறேன் என்று கவுன்ட்டரில் நின்று வாதாடிய அனுபவம் உங்களுக்குக் கை கொடுக்கும்.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், படித்துவிட்டு மறந்துவிடுங்கள். எக்ஸ்பி காலத்தில் இந்த வம்பே இல்லை. அப்கிரேடு சிடி காலி டிஸ்க்கைப் பார்த்தால், "பழைய விண்டோஸ் சிடி இருந்தால் போடு, பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்கும். போட்டுக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் விஸ்டா வந்தபோது அந்த நல்ல பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். 2009 அக்டோபர் 22-ல் வந்த விண்டோஸ் 7 கஸ்டம் வழியில் காலி டிஸ்க்கில் ஏறிவிடும். கடைசியில் கீயைக் கொடுத்தால்தான், இது அப்கிரேடுக்கான கீ, புதிதாகப் போடுவதற்கு ஆகாது என்று மூக்கை உடைக்கும்.

இதற்கு அப்போதே ஆட்கள் வழி கண்டுபிடித்தார்கள். முதல் தடவை கீ கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுப் போட வேண்டும். ஏறி முடிந்ததும் அந்த விண்டோஸுக்குள்ளிருந்தே அதே டிவிடியை ஓட்டி, தன் மேல் தானே அப்கிரேடு ஆகச் செய்ய வேண்டும். கீ ஏறிவிடும். இரட்டை வேலை பிடிக்காதவர்கள் ரெஜிஸ்ட்ரியில் 'மீடியாபூட்இன்ஸ்டால்' என்ற இடத்தில் 1-ஐ 0 ஆக்கி, உரிமக் கணக்கை ரீஆர்ம் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தார்கள். ஒரே ஓர் எண். பழைய விண்டோஸை முறைப்படி வாங்கியவருக்கு இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள் இரண்டையும் செய்யக் கூடாது. அதே டிவிடியை, அதே கீயோடு, அதே கஸ்டம் வழியில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தடவையும் கீயை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டுங்கள்.

இதைவிட ஆபத்தான தகவல் ஒன்று இருக்கிறது. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைத்தது. அப்போது உங்கள் கம்ப்யூட்டரிலும் யாரோ அதை ஏற்றினார்கள். அந்த உரிமம் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டை அடையாளம் வைத்து மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவாகியிருக்கிறது. காலி டிஸ்க்கில் அதே எடிஷன் விண்டோஸ் 10-ஐ நேராகப் போட்டு, கீ கேட்கும்போது 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்தி, நெட்டை மாட்டினால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். அப்கிரேடும் வேண்டாம், டிவிடியும் வேண்டாம், மச்சான் பையனும் வேண்டாம். அப்போது ஏற்றாமல் விட்டவர்கள் விண்டோஸ் 7 கீயைக் கொடுத்தே 10 போட்டுக்கொள்ள ஒரு கதவு வெகுகாலம் திறந்திருந்தது. 2023 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். இதெல்லாம் காதில் விழுந்தால் பொழுதே போகாது. மேலே போகலாம்.

6. டிஸ்க் 0-வைச் சுத்தம் செய்யுங்கள்

இதுதான் கலை.

புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும், இது எம்பிஆர் அட்டவணை, ஜிபிடிதான் வேண்டும் என்று ஒரு தகராறு வரலாம். பென் டிரைவ் யூஇஎஃப்ஐ வழியில் பூட் ஆனதால் வந்த வினை. யூடியூபில் ஒரு பையன் இதற்கு மருந்து சொல்லியிருக்கிறான்: ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்து, கறுப்புத் திரை வரும், டிஸ்க்பார்ட் என்று அடி, 'செலக்ட் டிஸ்க் 0', பிறகு 'கிளீன்'. அவன் கம்ப்யூட்டரில் ஒரே டிஸ்க்தான் இருந்தது. உங்களிடம் இரண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜிபி. நான்தான் அப்படி வாங்கச் சொன்னேன். பட்டியல் போட்டுப் பார்த்தால் எது பழையது, எது புதியது என்று சந்தேகம் வரும். வீடியோவில் 0 என்றுதான் சொன்னான். 0 அடியுங்கள்.

எதை அழிக்கவும் இரண்டு தடவை கேட்கும் விண்டோஸ், கிளீன் என்று சொன்னால் ஒரு தடவைகூடக் கேட்காது. உறுதியா, யோசித்தீர்களா, ஒன்றும் இல்லை. என்டர் தட்டிய நொடியே, வெற்றிகரமாகச் சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரு வரி. பத்து வருஷ மண்டிக் கணக்கு, பையனின் முதல் பிறந்தநாள் வீடியோ, வராத பாக்கிப் பட்டியல். காலி டிஸ்க் ஒன்று வைத்திருந்தீர்கள், இப்போது இரண்டு.

இந்த இடத்தில் பலர் பதறி கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறார்கள். தவறு! வெறும் கிளீன் பார்ட்டிஷன் அட்டவணையைத்தான் துடைக்கிறது, உள்ளே இருந்த டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடக்கும். டிஸ்க்கைக் கழற்றி, மேலே எதையும் எழுதாமல், டேட்டா ரிக்கவரி செய்பவரிடம் கொண்டு போனால் கணிசமாக மீட்டுவிட முடியும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. சட்டென்று அதே டிஸ்க்கிலேயே விண்டோஸை ஏற்றிவிடுங்கள். டேட்டா கிடந்த இடத்தின் மேலேயே ஓஎஸ் போய் உட்காரும். இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்களும் நிம்மதியாக அடுத்த படிக்கு வரலாம்.

7. பென் டிரைவைக் கழற்றாதீர்கள்

பாதியில் ரீஸ்டார்ட் ஆகும். பூட் வரிசையில் பென் டிரைவ் முதலில் இருந்தால் மறுபடி முதல் திரையே வரும், மொழி எது, நேரம் எது என்று. பணிவாகப் பதில் சொல்லுங்கள். மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி முதல் திரை. ராத்திரி மூன்று மணிக்கு, எஸ்.பி. ரோட்டுக்காரன் டூப்ளிகேட் டிஸ்க் கொடுத்துவிட்டான் என்ற முடிவுக்கு வந்துவிடலாம்.

8. டிரைவரை நெட்டில் எடுங்கள்

விண்டோஸ் ஏறிவிட்டது. வைஃபை இல்லை. வைஃபை டிரைவரை எங்கிருந்து எடுப்பது? நெட்டிலிருந்து. போனை ஒயரில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நாம் செய்ய வேண்டியது, 'டிரைவர் பேக்' என்று தேடி முதலில் வருவதை இன்னொருவர் கம்ப்யூட்டரில் இறக்கி அவருக்கும் பங்கு கொடுப்பது.

மதர்போர்டின் காசு சைஸ் பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். எந்தத் தளமும் திறக்காது, பாதுகாப்புச் சான்று சரியில்லை என்று சொல்லும். ஆக்டிவேஷனும் ஆகாது. மூலையில் இருக்கும் தேதியைப் பார்க்காதீர்கள். நெட்காரனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடியுங்கள்.

9. இப்போதாவது பேக்கப்

பட்டபின் புத்தி வர வேண்டும். ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரியுங்கள். சி-யில் இருப்பதையெல்லாம் டி-யில் காப்பி எடுங்கள். டிஸ்க் போனால் சி மட்டும் போகும், டி தனியாகத் தப்பித்துக்கொள்ளும் என்று திடமாக நம்புங்கள். பாலக்கோட்டிலிருந்து அத்திப்பள்ளி வரை எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

10. அப்டேட்டை நிறுத்துங்கள்

ஆக்டிவேட்டர் போட்ட கையோடு விண்டோஸ் அப்டேட்டையும் அணைத்துவிடுங்கள். மச்சான் பையன் கட்டாயம் சொல்லியிருப்பான். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, திருப்பதி தேவஸ்தானத்துக் கணினிகள் சிலவும் மாட்டினவே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள். பெருமாளே இரண்டு மாதம் தள்ளிப்போட்டார் என்றால் நமக்கென்ன அவசரம்?

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்று யாராவது பயமுறுத்தினால், நேரே 11-க்குத் தாவுங்கள். அது டிபிஎம் 2.0 கேட்கும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸர் கேட்கும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. அந்தச் சோதனையை ஏமாற்றித் தாண்ட வழி இருக்கிறது. தாண்டிய பிறகு வருஷா வருஷம் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி தாண்டலாம். போச்சம்பள்ளியில் செய்து அனுப்பும் ஓலா ஸ்கூட்டருக்கு மூவ்ஓஎஸ் காற்றிலேயே வந்து ஏறுகிறது என்று பொறாமைப்படாதீர்கள். ஸ்கூட்டருக்கு மச்சான் கிடையாது.

11. லினக்ஸ் என்று சொல்பவரை நம்பாதீர்கள்

காலி டிஸ்க்கிலேயே ஏறும், கீ கேட்காது, பழைய மதர்போர்டிலும் ஓடும், காசும் இல்லை. எங்கேயோ இடிக்கிறது அல்லவா? 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த பெட்டியில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதை எடுத்துப் போட்டு இடத்தைச் சினிமாவுக்கு ஒதுக்கினோம். டேலி ஓடாதே, பத்திரிகை அடிக்கும் மென்பொருள் ஓடாதே என்பது நியாயமான காரணம். நீங்கள் பிரவுசரையும் யூடியூபையும் தவிர வேறெதையும் திறக்காதவர் என்றாலும் அதே காரணத்தையே சொல்லுங்கள்.

12. அனுபவத்தைக் காசாக்குங்கள்

ஒருவழியாகத் திரை எரிகிறது. வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் செய்யவும்' என்று மங்கலாக ஒரு வரி நிற்கும். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கடை வாசலில் 'இங்கு ஓஎஸ் போட்டுத் தரப்படும்' என்று எழுதிப் போடுங்கள், ரூபாய் 500. யூனிகோடில் அடியுங்கள், உங்களிடம் இப்போது வேறு எழுத்துரு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஆடு பிடிக்க வந்த ஆள் ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார். பர்கூர் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராம். ஆபீஸில் பத்து கம்ப்யூட்டர், பத்திலும் கணக்கு, சீசன் ஆரம்பிப்பதற்குள் எல்லாவற்றுக்கும் புது டிஸ்க் மாட்டி அப்கிரேடு போட வேண்டுமாம். "பழைய டேட்டா ஏதும் போகாதுங்களேண்ணா?" என்று கேட்பார்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்லி பத்துக்கும் சேர்த்து அட்வான்ஸ் வாங்குங்கள். அந்தப் பென் டிரைவையே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.